குதிரையை நெடுங்கயிற்றில் ஓட்டிப் பழக்கும் முறை

ஆடி மாதத்தில் ஈரோடு ஜில்லா அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தைக்கு மாடுகளோடு குதிரைகளும் ஏராளமாக வந்து விலையாவது கொங்கு நாட்டார் யாவரும் அறிந்ததே. கத்தியவார், மார்வார் ஜாதிக் குதிரைகளும், கலப்பினங்களும், உயரம் குறைந்த மட்டங்களும் அங்கே கைமாறுகின்றன. பந்தய வண்டியில் பூட்டுவதற்கு வாங்குவோர் உண்டு. சவாரிக்கு வாங்குவோர் உண்டு. தொழுவத்துக்கு ஓர் அழகாக இருக்கட்டுமென்று வாங்குவோரும் இல்லாமற் போகவில்லை. வாங்கிய புதிதில் நாள்தோறும் வெளியே கொண்டு போவார்கள். பிறகு நடவு, களையெடுப்பு என்று வேலைகள் வந்து சேரும். வீட்டிலே சவாரி தெரிந்தவர் ஒருவரே இருப்பார். அவரும் வெளியூர் போய்விடுவார். குதிரை முளையடியிலேயே நின்றுகொண்டிருக்கும். கொள்ளு மட்டும் குறைவதில்லை.

மாட்டைப் போலக் கட்டுத்தறியில் படுத்து அசை போட்டுப் பொழுது போக்கும் இயல்பு குதிரைக்கு இல்லை. மேய்ச்சல் தரையில் விடப்பட்ட குதிரை நாளில் பெரும்பகுதியை மேய்வதிலும், மேய்ந்துகொண்டே மெல்ல மெல்ல இடம் பெயர்வதிலும் கழிக்கிறது. அதன் குடலும், குளம்பும், கால்களின் இரத்த ஓட்டமும் இந்த இடையறாத அசைவுக்கென்றே அமைந்தவை. அசைவில்லாமற் போனால் முதலில் பின்னங்கால்கள் இரவில் வீங்கிக் காலையில் கனத்திருக்கும். பிறகு தீனித் தொட்டியின் விளிம்பைக் கடித்துக் காற்றை விழுங்கும் துர்ப்பழக்கம் வரும், வயிற்றுவலியும் வரும். இவை எல்லாவற்றினும் கொடியது தசை இறுகும் வியாதி. ஓய்வு நாட்களிலும் முழுத் தானியம் தின்று நின்ற குதிரையைத் திடீரென்று வெளியே கொண்டுபோய் ஓட்டினால், கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் அதன் பின்புறத் தசைகள் கட்டை போல் இறுகிவிடும், வியர்வை வழியும், அடியெடுத்து வைக்க மாட்டாது, மூத்திரம் காப்பி நிறமாக இறங்கும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கொடுத்துத் திங்கட்கிழமை வேலை வாங்கும் வழக்கமுள்ள ஐரோப்பிய தேசங்களில் இதற்குத் திங்கட்கிழமை வியாதி என்றே பெயர். இது கண்டால் குதிரையை அடித்து நடத்தி வீட்டுக்குக் கொண்டுவர முயல்வது பெரும் பிழை. நின்ற இடத்திலேயே நிறுத்திக் கால்நடை வைத்தியரை அழைத்து வர வேண்டும்.

சவாரி செய்ய ஆளில்லாத நாளிலும் குதிரைக்கு அப்பியாசம் கொடுப்பதற்கு ஏற்பட்டதே நெடுங்கயிற்று முறை. ஓட்டுபவர் நடுவில் நின்று, கையிலுள்ள நீண்ட கயிற்றின் மறுமுனையில் குதிரையைத் தம்மைச் சுற்றி வட்டமாக நடக்கவும் ஓடவும் செய்வது இதன் சாரம். ஆங்கிலேயர் இதனை லஞ்சிங் என்பர். முதுகில் பாரமில்லாமல் உடல் முழுவதும் அசைவதும், எஜமானர் தம் குதிரையின் நடையைத் தாமே வெளியிலிருந்து பார்க்க முடிவதும், குரலுக்குக் கீழ்ப்படியும் வழக்கம் அதற்கு ஏற்படுவதும் இதன் பலன்கள். பிரான்சு தேசத்து அரசன் 13-ஆம் லூயிக்குக் குதிரையேற்றம் கற்பித்த புளூவினேல் என்பவர் ஒற்றைக் கம்பத்தைச் சுற்றிக் குதிரைகளைப் பழக்கியவர். 1572-ஆம் வருஷம் முதல் பதிவுகளில் காணப்படும் வியன்னா நகரத்துக் குதிரையேற்றப் பள்ளியில், புதிதாகச் சேரும் மாணாக்கர் அங்கவடியும் கடிவாளமும் இன்றி இவ்வாறு கயிற்றில் சுற்றும் குதிரையின் மேல் அமர்ந்தே உட்காரும் பக்குவத்தைக் கற்கிறார்கள்.

வட்டம் என்னும் பாரம்

முறை எளிதாகத் தோன்றுவதாலேயே இதனால் கெட்டுப்போகும் குதிரைகளும் பல. செக்கு மாடு நாள் முழுவதும் சுற்றவில்லையா, குதிரை சுற்றினால் என்ன என்று கேட்போர் உண்டு. செக்கு மாடு மெல்ல நடக்கிறது, குதிரையோ ஓடுகிறது. இந்த வித்தியாசத்திலேயே விஷயம் அடங்கியிருக்கிறது. வட்டத்தில் ஓடும் எந்தப் பிராணியும் உட்புறமாகச் சாய்ந்தால் அல்லாமல் விழாமல் ஓட முடியாது. சாய்வின் அளவு வேகத்தையும் வட்டத்தின் விஸ்தாரத்தையும் பொறுத்தது. மணிக்கு 12 அல்லது 13 கிலோமீட்டர் வேகத்தில் மெல்லோட்டம் ஓடும் குதிரை, ஓட்டுபவரிடமிருந்து 25 அடி தூரத்தில் சுற்றினால் கணக்குப்படி ஏறத்தாழ 10 டிகிரி சாய வேண்டும். அதே குதிரையைக் கயிற்றைச் சுருக்கி 13 அடி தூரத்தில் ஓட்டினால் சாய்வு 17 டிகிரியாகிறது. அந்தச் சிறு வட்டத்தில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ச்சலாக விட்டால் 30 டிகிரிக்கும் மேற்படும். மேற்கூரையில் நடப்பவனுடைய கணுக்கால் படும் பாட்டை அப்போது அந்தக் குதிரையின் கணுக்கால்களும் குளம்பு மூட்டுகளும் படுகின்றன. குளம்பு தரையில் சமமாகப் பதிவதில்லை. ஒரு பக்கத்து விளிம்பே அதிகமாகத் தாங்குகிறது.

25 அடி தூரத்தில் 20 நிமிஷம் மெல்லோட்டம் ஓடும் குதிரை சுமார் 90 முறை சுற்றிவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நான்கு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். நேர்ச்சாலையில் ஓடினால் அது பெரிதன்று. ஆனால் அத்தனையும் திருப்பமாகவே ஓடியது. ஆகையால் இம்முறையில் அப்பியாசத்தின் அளவைத் தூரத்தைக் கொண்டு மதிப்பிடுதல் கூடாது. சரீரம் பழகிய, வயது வந்த குதிரைக்கும் மொத்தம் 20 நிமிஷமே போதுமானது. புதிய குதிரைக்கு ஒரு பக்கத்துக்கு 5 நிமிஷம் வீதம் 10 நிமிஷத்தில் தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் மெல்ல உயர்த்த வேண்டும். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள் கயிற்றில் ஓட்டி, மற்ற நாட்களில் கையில் பிடித்து நேர்வழியில் நடத்தி வருவது எல்லா நாளும் சுற்ற விடுவதைவிட மேல்.

குட்டிகளை இம்முறையில் ஓட்டுவதைப் பற்றி ஒரே வார்த்தைதான்: மூன்று வயது நிரம்புமுன் கூடாது. முன்னங்கால் முழங்காலுக்குச் சற்று மேலேயுள்ள எலும்பின் வளர்முனை இரண்டு, இரண்டரை வயதளவில்தான் இறுகுகிறது; முதுகெலும்பு இறுக இன்னும் சில வருஷங்கள் செல்லும். வளர்த்தியாகத் தோன்றுகிறதே என்று இரண்டு வயதுக் குட்டியை வட்டத்தில் விரட்டியவர்கள், அது ஆறு வயதில் நொண்டும்போது காரணத்தை வேறெங்கோ தேடுகிறார்கள்.

இடமும் சாமான்களும்

இடம் என்றவுடன் கிராமத்தில் யாருக்கும் முதலில் நினைவு வருவது களந்தான். வட்டமாகவும், துப்புரவாகவும், தடையின்றியும் இருப்பதால் அது பொருத்தமென்று தோன்றும். ஆனால் சாணமிட்டு மெழுகி இறுகிய களமும், இக்காலத்துச் சிமிட்டிக் களமும் குதிரையின் கால்களுக்கு ஆகா; வழுக்கும் அபாயமும் உண்டு. ஆற்று மணலைப் போல் கால் புதையும் இடமும் உதவாது. அங்கே நரம்புகள் இழுபடும். அறுவடையான கடலைக் காட்டில் மேடு பள்ளமில்லாத ஒரு மூலையைத் தெரிந்தெடுத்து, ஒரு சால் உழுது பரம்படித்து, கற்களையும் கட்டைகளையும் பொறுக்கிவிட்டால் உத்தமமான தரை கிடைத்துவிடும். 50 அடி குறுக்களவுக்குக் குறையலாகாது. 60 அடி இருந்தால் இன்னும் நலம். காட்டின் மூலையானால் இரு பக்கங்களிலும் உயிர்வேலி இருந்து குதிரை வெளியே சாய்ந்தோடுவதைத் தடுக்கும். முள்கம்பி வேலியின் அருகிலும், கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றின் அருகிலும் ஓட்டவே கூடாது. மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் குதிரை கிணற்றைப் பார்த்து ஓடுவதில்லை.

கயிறு 25 முதல் 30 அடி நீளமும் ஓர் அங்குல அகலமுமுள்ள பருத்தி நாடாவாக இருத்தல் நலம். தேங்காய் நார்க்கயிறு கையைக் கீறும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய நைலான் கயிறு, குதிரை ஒருமுறை வெடுக்கென்று இழுத்தால் உள்ளங்கைத் தோலை எரித்துக்கொண்டு போகும். எந்தக் கயிறானாலும் கையுறை அவசியம்.

கயிற்றைக் குதிரையின் தலையில் எங்கே பிணைப்பது என்பது மிக முக்கியமான விஷயம். மூக்குத்தண்டின் மேல் வளையம் பதித்த பட்டையுள்ள தலைக்கச்சு இதற்கென்றே செய்யப்படுகிறது. அது கிடைக்காத இடத்தில், கண்ணின் பக்கம் நழுவாதபடி நன்றாகப் பொருந்திய முகக்கயிற்றின் வளையத்தில் பிணைக்கலாம். கடிவாளத்தின் ஒரு பக்கத்து வளையத்தில் பிணைத்தால் ஒவ்வோர் இழுப்பிலும் இரும்பு வாயினூடே குறுக்காக இழுபட்டு, கடைவாயையும் நாக்கையும் புண்ணாக்கும். சில குதிரைகள் முள் பதித்த கடிவாளத்தோடேயே வந்து சேர்கின்றன. அத்தகைய கடிவாளத்தில் நெடுங்கயிற்றைப் பிணைப்பது கொடுமையினும் கொடுமை. இம்முறைக்கு மட்டுமன்றி எதற்குமே அது வேண்டியதில்லை. வண்டி இழுக்கும் பிராணிகளையும் பொதி சுமக்கும் பிராணிகளையும் வதை செய்வதைத் தடுக்க 1965-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட மத்திய சர்க்கார் விதிகள் முள் கடிவாளத்தை விலக்கியிருக்கின்றன என்பதைக் கிராம அதிகாரிகள் குதிரை வைத்திருப்போருக்கு எடுத்துச் சொல்லலாம்.

நீண்ட சாட்டை ஒன்றும் வேண்டும். அது அடிப்பதற்கு அன்று, சுட்டிக் காட்டுவதற்கு. குதிரையின் பின்னே தரைக்கு அருகில் அசைந்தால் முன்னே போ என்பதும், தோளை நோக்கி நீண்டால் உள்ளே வராதே என்பதும் அதன் பாஷை. சாட்டையைக் கண்டவுடன் உடல் நடுங்கும் குதிரையானால், முதலில் அதனைக் கொண்டு கழுத்தையும் முதுகையும் மெதுவாகத் தடவிப் பயத்தைப் போக்கிய பிறகே மேலே போக வேண்டும்.

ஓட்டுபவர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொள்வதும், தோளில் துண்டில்லாமல் இருப்பதும், காலைச் சுற்றிலும் மூடிய செருப்பு அணிவதும் சிறு காரியங்களாகத் தோன்றலாம். காற்றில் பறந்த துண்டு ஒன்றே நல்ல குதிரையை மிரளச் செய்யப் போதுமானது. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளையும் நாய்களையும் வேலிக்கு அப்பால் நிறுத்த வேண்டும்.

ஓட்டும் விதம்

குதிரை இடப்பக்கமாகச் சுற்றும்போது கயிறு இடக்கையிலும் சாட்டை வலக்கையிலும் இருக்கும். வலப்பக்கமாகச் சுற்றும்போது மாறும். மிஞ்சும் கயிற்றைப் பாய் மடிப்பது போல ஒன்றின் மேலொன்றாக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதனைக் கையைச் சுற்றிச் சுருட்டுவதும், முனையிலுள்ள கண்ணியில் மணிக்கட்டை நுழைப்பதும் இம்முறையிலுள்ள அபாயங்கள் யாவற்றிலும் பெரியவை. நடுத்தரக் குதிரையின் எடை 350 முதல் 400 கிலோகிராம். அது ஒரு கணம் மிரண்டு பாய்ந்தால் சுருண்ட கயிறு சுருக்காகிறது. விரல் இழந்தவர்களும், தரையோடு இழுபட்டுப் போனவர்களும் இவ்வாறே அந்தக் கதிக்கு ஆளானார்கள். மடிப்பாக வைத்த கயிறோ தானே விரிந்து கொடுக்கும். நிலைமை மிஞ்சினால் கையைத் திறந்து விட்டுவிடலாம். போன குதிரையைப் பிடித்துக் கொள்ளலாம்.

முதல் சில நாட்களுக்கு உதவியாள் ஒருவர் வேண்டும். அவர் வட்டத்தின் வெளிப்புறமாகக் குதிரையின் தலைக்கருகே நடந்து அதனைச் சுற்றிக் கொண்டு வருவார். கட்டளைகள் யாவும் நடுவிலிருப்பவர் வாயிலிருந்தே வரவேண்டும். குதிரை வட்டத்தைப் புரிந்துகொண்டவுடன் உதவியாள் சிறிது சிறிதாக விலகிவிடலாம்.

நடுவில் நிற்பவர் தமது மார்பு குதிரையின் தோளுக்குச் சற்றுப் பின்புறத்தை நோக்கியிருக்குமாறு நிற்க வேண்டும். கயிறு ஒரு பக்கம், சாட்டை ஒரு பக்கம், குதிரையின் உடல் மூன்றாவது பக்கம். இம்முக்கோணம் குலையாதவரையில் காரியம் ஒழுங்காக நடக்கும். ஓட்டுபவர் தம்மை அறியாமலே ஓரடி முன்னே சென்று குதிரையின் தலைக்கு நேராக வந்துவிட்டால், அது வழி மறிக்கப்பட்டதாக எண்ணி நிற்கும், அல்லது திரும்பி உள்ளே வரும். பழகாதவர்கள் அப்போது குதிரை பிடிவாதம் செய்கிறதென்று சாட்டையை ஓங்குகிறார்கள். பிழை அவர்கள் நின்ற இடத்தில் இருக்கிறது.

நட, ஓடு, நில் என்ற மூன்று சொற்கள் போதும். வேகத்தைக் கூட்டும் சொல்லை விரைவாகவும் உயர்த்தியும், குறைக்கும் சொல்லை நீட்டியும் தாழ்த்தியும் எப்போதும் ஒரே விதமாகச் சொல்ல வேண்டும். இராஜஸ்தானத்திலிருந்து வந்த குதிரைக்குத் தமிழ் புரியுமா என்று சிலர் கவலைப்படுவதுண்டு. ஓசையின் ஏற்ற இறக்கத்தைத்தான் அது கவனிக்கிறது. பாஷை எதுவாயினும் அதற்கு ஒன்றே. ஆனால் காலையில் எஜமானர் ஒரு சொல்லும், மாலையில் குதிரைக்காரர் வேறொரு சொல்லும் சொன்னால் இரண்டும் வீணாகும்.

கயிற்றை ஓயாமல் இழுத்துப் பிடிப்பதால் பயனில்லை. பலப்பரீட்சையில் குதிரையே வெல்லும். சிறிது இழுத்து உடனே தளர்த்துதல், மீண்டும் இழுத்துத் தளர்த்துதல் என்பதே முறை. அதே சமயம் கயிறு தரையில் தொய்ந்து புரளவும் விடக்கூடாது. குதிரை அதில் காலை மாட்டிக்கொள்ளும். பல நாள் கட்டிக் கிடந்த குதிரை முதல் சுற்றிலேயே துள்ளிப் பின்னங்கால்களை நடுவை நோக்கி உதைப்பது சகஜம். ஆகையால் அதனை வட்டத்துக்கு அனுப்பும்போது அதன் பின்புறத்தருகே நிற்காமல் தோளுக்கு நேராகவே நின்று, கயிறு நீளும் அளவுக்கு விலகிக்கொள்ள வேண்டும். துள்ளலுக்குத் தண்டனை தேவையில்லை. அமைதியாக நடக்கச் சொல்லிக்கொண்டே இருந்தால் அடங்கும்.

முதல் 5 நிமிஷம் நடையே. பிறகு மெல்லோட்டம். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை திசையை மாற்ற வேண்டும். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் இருக்கும். எளிய பக்கத்தில் தொடங்கிக் கடினமான பக்கத்துக்குப் போவது நல்லது. இரண்டு பக்கத்துக்கும் நேரம் சமமாக இருத்தல் அவசியம். நில் என்றவுடன் குதிரை தான் சுற்றும் தடத்திலேயே நிற்க வேண்டும்; நடுவுக்கு வரும்படி இழுத்துப் பழக்கினால் பின்னர் ஓடும்போதே உள்ளே திரும்பிவிடும். ஓட்டுபவர்தாம் சாட்டையைக் கக்கத்தில் பின்னோக்கிச் செருகிக்கொண்டு, கயிற்றை மடித்துக்கொண்டே அதனிடம் போக வேண்டும். பந்தய வண்டிக்காகப் பழகும் குதிரைக்கு இந்த நிற்கும் பாடமே முதற்பாடம். அது தேறிய பிறகு வண்டிச் சேணத்தை வெறுமனே கட்டி வட்டத்தில் நடத்தி, தோல்வார்களின் ஸ்பரிசத்துக்கு அஞ்சாதபடி செய்தால், ஏர்க்கால்களுக்கிடையே நிறுத்தும் நாளில் வண்டியும் முறியாது, ஆளும் அடிபடமாட்டார். தலையைக் கீழே வளைத்து வார்களால் இறுகக் கட்டி ஓட்டும் வழக்கத்தைப் பழகாதவர்கள் கைக்கொள்ளாதிருப்பதே நலம்.

வெயிலும் வியர்வையும்

கோடையில் பொழுது ஏறுமுன் வேலையை முடித்துவிட வேண்டும். ஓய்வாக நிற்கும் குதிரை நிமிஷத்துக்கு 8 முதல் 16 முறை சுவாசிக்கிறது. நாடி 28 முதல் 44 முறை அடிக்கிறது. தாடையெலும்பின் உட்புற விளிம்பில் விரலை வைத்து நாடியைப் பார்க்கலாம். அப்பியாசம் முடிந்து கால் மணி நேரம் நடத்திய பின்னும் விலா வேகமாக ஏறி இறங்கினால், கொடுத்த வேலை அதிகமென்று கொண்டு மறுமுறை குறைக்க வேண்டும். ஓடிக் களைத்த குதிரையின் மேல் குளிர்ந்த நீர் படக்கூடாதென்று நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை உண்டு. 1996-ஆம் வருஷத்து அட்லாண்டா ஒலிம்பிக் பந்தயங்களை முன்னிட்டு நடந்த ஆராய்ச்சிகள், வெப்பமிகுந்த குதிரையின் உடல் முழுவதும் குளிர்நீரைத் தாராளமாக ஊற்றுவதே உடல் வெப்பத்தை விரைவில் தணிக்குமென்றும், அதனால் தீங்கில்லையென்றும் காட்டிவிட்டன. குடிக்கவும் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். வியர்வையோடு உப்பும் கழிவதால் நாளொன்றுக்கு 30 கிராம் அளவு சாதாரண உப்பைத் தீனியில் சேர்ப்பது நன்று. மூச்சு வாங்குகிறது, ஆனால் தோல் உலர்ந்தே இருக்கிறது என்றால் அது ஆபத்தின் குறி. உஷ்ண தேசங்களில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும் வியாதி உண்டு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் நீரூற்றி வைத்தியரை வரவழைக்க வேண்டும்.

ஓட்டாத நாளில் கொள்ளையும் மற்றத் தானியத்தையும் பாதியாகக் குறைத்து, அந்தக் குறைவைப் புல்லாலும் உலர்தீவனத்தாலும் ஈடு செய்வது மேலே கூறிய தசை இறுக்கத்துக்குச் சிறந்த தடுப்பாகும்.

நொண்டலைக் காணுதல்

நேராக நடக்கும்போது புலப்படாத சிறு நொண்டல் வட்டத்தில் வெளிப்பட்டுவிடும்; கால்நடை வைத்தியர்களும் இதற்காகவே குதிரையைக் கயிற்றில் சுற்றச் செய்து பார்க்கிறார்கள். மெல்லோட்டத்தில் தலையைக் கவனிக்க வேண்டும். முன்னங்காலில் நோவிருந்தால், நோவுள்ள கால் தரையில் ஊன்றும்போது தலை மேலே எழும். நல்ல கால் ஊன்றும்போது தாழும். நோவுள்ள கால் வட்டத்தின் உட்புறமாக வரும் திசையில் பெரும்பாலும் அது அதிகமாகத் தெரியும். ஒரு திசையில் ஒழுங்காகவும் மறுதிசையில் தலையாட்டிக்கொண்டும் ஓடும் குதிரையை அன்றோடு நிறுத்தி, குளம்பில் கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சந்தையில் குதிரை வாங்கப் போகிறவர்களுக்கும் இது உதவும். விற்பவர்கள் குதிரையின் மேலேறி நேர்ப்பாதையில் பாய்ச்சலாக விட்டுக் காட்டுவதே வழக்கம். தூசியும் ஆரவாரமும் எழும் அந்தப் பாய்ச்சலில் எந்தக் காலின் குறையும் கண்ணுக்கு அகப்படாது. வாங்குவோர் 25 அடிக் கயிறு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், மேலே ஆளில்லாமல், மெல்லோட்டத்தில், வலமாகப் பத்துச் சுற்றும் இடமாகப் பத்துச் சுற்றும் ஓட்டிக் காட்டும்படி கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஓட்டிக் காட்டிவிட்டு மறுபக்கத்துக்கு நேரமில்லை என்று சொல்லும் வியாபாரியிடம் விலை பேசத் தொடங்காதிருப்பதே நலம்.